எட்டாவது ரீலில் நடந்து போனவர்கள்

போன மாதம் எங்கள் ஊர்த் தியேட்டர் ஒன்றின் வாசலில் மூன்று நாள் போலீஸ் வேன் நின்றது. கடலுக்கு அந்தப் பக்கத்துத் தீவில் நடந்த இனச் சண்டையைப் பற்றிய படம். ஒரு கூட்டம் ‘அந்தக் காட்சியை எடு’ என்றது. இன்னொரு கூட்டம் ‘ஒரு துண்டும் எடுக்காதே’ என்றது. இரண்டு கூட்டத்திலும் படத்தை முழுசாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கலாமா என நினைத்தேன். கேட்கவில்லை. எண்பதைத் தாண்டியவன் கேள்வி கேட்டால் பதில் வராது, உட்கார நாற்காலிதான் வரும்.

அந்தத் தியேட்டரின் ஆபரேட்டர் முருகேசன் எனக்குத் தெரிந்த பையன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “அய்யா, ஒங்க காலத்துல இப்பிடிப் பிரச்சன வந்தா என்ன செஞ்சீங்க?” என்று கேட்டான்.

“கத்திரிக்கோல எடுத்தேன்” என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். அவனுக்கு வரும் படம் பூட்டுப் போட்ட டப்பாவுக்குள் வருகிறது. அதிலிருந்து ஒரு நொடியைக்கூட அவன் எடுக்க முடியாது. எங்கள் காலத்தில் படம் கையில் இருந்தது. கையில் இருந்ததால் தப்பும் கையாலேயே செய்தோம். பழைய கார்பன் புகைக்காக நான் ஏங்குகிறவன் இல்லை. அது கொடுத்த இருமல் இன்னும் கூடவே இருக்கிறது. ஆனால் முருகேசன் சிரித்துவிட்டுப் போன பிறகு, நடந்ததை எழுதிவைத்தால் என்ன என்று தோன்றியது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோயில் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை. அப்புறம் குஜிலியம்பாறைப் பக்கத்து ஊர்களில் கூடாரம் அடித்துப் படம் காட்டிய டூரிங் டாக்கீஸில் நான்கு வருடம். மதுரையில் ஆபரேட்டர் லைசென்ஸ் பரீட்சை. முதல் தடவை போய்விட்டது, இரண்டாம் தடவை தேறினேன். ஐம்பதுகளின் ஆரம்பத்தில் திண்டுக்கல்லில் ஒரு தியேட்டரில் சேர்ந்தேன். அதன் பெயர் வேண்டாம். இப்போது அது கல்யாண மண்டபம்.

அங்கே மேனேஜர் நாச்சிமுத்து. நெய்க்காரப்பட்டிக்காரர். அந்தப் பக்கத்து ‘ங்க’ இல்லாமல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. முதலாளிக்கும் ‘ங்க’, கூட்டுகிறவருக்கும் ‘ங்க’. ஒருநாள் தியேட்டர் நாயின் வாலை மிதித்துவிட்டு, “மிதிச்சுப்புட்டனுங்களா” என்று அதனிடமே கேட்டதை என் காதால் கேட்டேன். குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயம். கத்துகிற மனிதரிடம் திருப்பிக் கத்தலாம். ‘ங்க’ போடுகிறவரிடம் என்ன செய்வது?

புதுப் படம் வந்தால் முதல் ஆறு ஆட்டத்தையும் அவர் பார்ப்பார். உட்காரமாட்டார். வலது பக்கத்துக் கதவோரம், கையில் கடிகாரத்தோடு, கடைசிவரை நின்றுகொண்டே பார்ப்பார். எந்த ரீல் எத்தனை நிமிடம், எந்த இடத்தில் சனம் சிரிக்கிறது, எந்த இடத்தில் வெளியே எழுந்து போகிறது எல்லாம் அவர் மனசில் பதிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். “படம் நம்முளுது இல்லீங்க, சவரிமுத்து. நாம ஓட்டறவங்க. எடுத்தவன் தப்பா எடுத்திருந்தாலும் அந்தத் தப்பு முழுசாப் போயிச் சேரோணுங்க.”

படப்பெட்டி வந்ததும் செய்ய வேண்டிய வேலைக்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு ரீலையும் கையால் சுற்றும் ராட்டில் மாட்டி, படச்சுருளின் இரண்டு விளிம்பையும் விரலிடுக்கில் ஓடவிட வேண்டும். மிஷின் பல்லில் மாட்டுகிற ஓட்டை கிழிந்திருந்தால் விரல் சொல்லும். ஒட்டுப் போட்ட இடம் தளர்ந்திருந்தால் பிரித்து, பிளேடால் சுரண்டி, பிலிம் சிமென்ட் என்கிற பசையைத் தடவி, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு கட்டைவிரலைச் சுருளின் முகத்தில் வைத்து ஓட்ட வேண்டும். கீறல் இருந்தால் விரல் நுனியில் தட்டும். தட்டினதை எல்லாம் பழுது ரிப்போர்ட்டில் எழுதி அவரிடம் காட்ட வேண்டும். கீறல் விழுந்த இடம் திரையில் கோடு கோடாக ஓடும். அதைத்தான் சனம் ‘மழை பெய்யுது’ என்று சொல்லி விசிலடிக்கும். நாங்களும் ரிப்போர்ட்டில் மழை என்றே எழுதுவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆபரேட்டர் படம் பார்க்கிறவன் என்று ஊர் நினைக்கிறது. சுத்தப் பொய். எங்கள் கண் திரையின் வலது மேல் மூலையிலேயே இருக்கும். ரீல் முடியப்போகிறது என்று அங்கே ஒரு சின்ன வட்டம் வரும். வந்ததும் அடுத்த மிஷினுக்கு மாற்ற வேண்டும். மற்ற நேரமெல்லாம் வெளிச்சம் கொடுக்கிற கார்பன் குச்சி ஒழுங்காக எரிகிறதா என்று பார்ப்பது. ஐம்பது நாள் ஓடின படத்தின் கதையை என் சம்சாரம் எனக்குச் சொன்னதுண்டு.

அந்தப் படம் ஐம்பதுகளின் நடுவில் வந்தது. யுத்தத்தின்போது பர்மாவை விட்டு நம் ஜனங்கள் காடு மலை வழியாக நடந்து வந்த கதை. எங்கள் சீமையில் ரெங்கூனுக்கு ஆள் அனுப்பாத ஊரே கிடையாது. அரிசி மில், மரக்கடை, கப்பல் துறை என்று போனார்கள். பாதிப்பேர் திரும்பினார்கள். அதனால் முதல் நாளே மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கூட்டம் வந்தது.

பெட்டி அன்றைக்குத் தாமதம். மதிய ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஏழு ரீல் வரைக்கும் ஒழுங்காக விரலை வைத்துப் பார்த்தேன். எட்டாவதிலிருந்து ஒட்டுகளை மட்டும் பார்த்துவிட்டு மாட்டிவிட்டேன். ஓட்டும்போது எட்டாவது ரீலில், இடைவேளைக்குச் சற்று முன், ஒரு நிமிடம் போலத் திரையில் கடும் மழை. படமும் ஆடியது. ரிப்போர்ட்டில் எழுதினேன்: ‘எட்டாவது ரீல், கடைசிப் பகுதி, கடும் மழை.’

மழைக்கு முன்னால் வருவது கலவரக் காட்சி. பர்மாக்காரர்கள் அரிவாளோடு வந்து தமிழர் குடிசைகளைக் கொளுத்துகிறார்கள், கர்ப்பிணியை வெட்டுகிறார்கள். சனம் போட்ட சத்தத்தில் அதை மட்டும் நானும் எட்டிப் பார்த்தேன். நடித்தவர்கள் எல்லாம் கோடம்பாக்கத்து ஸ்டண்ட் ஆட்கள். கண்ணோரத்தில் பசை போட்டு இழுத்து, கன்னத்தில் சந்தனம் அப்பியிருந்தார்கள். அதில் ஒருவனுக்குப் பசை விட்டுப்போய் ஒரு கண் மட்டும் நம்மூர்க் கண்ணாகிவிட்டது. சனம் அதைக் கவனிக்கவில்லை. கொட்டகை முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொதிப்போடு விளக்குப் போட்டு இடைவேளை விட்டோம்.

தியேட்டர் மதிலோரம் மா கின் அக்கா வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். பர்மாக்காரர். ரெங்கூனில் தச்சுவேலை பார்த்த நாகல் நகர் சுப்பையாவைக் கட்டிக்கொண்டு, அவரோடு அதே வழியில் நடந்து வந்தவர். வந்த இரண்டாம் வருடம் சுப்பையா காய்ச்சலில் போய்விட்டார். “ஊருக்குப் பாதை தெரியும் அப்பு. போகத்தான் கால் வரல” என்பார். கைலியும் மேலே சட்டையும்தான் உடுத்துவார். அதனால் தூரத்திலிருந்தே ஆள் தெரியும்.

வழக்கம்போல வடைக்காக நான் கீழே இறங்கி வந்தேன். எனக்கு முன்னால் கல் வந்துவிட்டது. ‘பர்மாக்காரி’ என்று எவனோ கத்தினான். கல் எண்ணெய்ச் சட்டியில் விழுந்து, கொதிக்கிற எண்ணெய் அவர் முன்கையில் தெறித்தது. முழங்கை வரைக்கும் சிவந்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பானைத் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். எறிந்தவன் கூட்டத்தில் கலந்துவிட்டான். யாரும் பார்க்கவில்லை என்றார்கள்.

அவர் அழவில்லை. “படத்துல என்னதான் காட்டுறீக?” என்று கேட்டார். சொன்னேன்.

“எங்க அண்ணன் வீட்டுப் பரண்ல நாலு தமிழ்க் குடும்பத்த ஒரு மாசம் ஒளிச்சு வச்சிருந்தாரு. அது வருதா?”

“வரலக்கா.”

“அப்ப அரைப் படம்தான் வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தார்.

எனக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. அந்தக் கல்லை எறிந்தவன் யாரோ, ஆனால் அவன் கையில் எடுத்துக் கொடுத்தவன் நான்தான் என்று பட்டது. மறுநாள் காலையில் சீக்கிரமே போனேன். எட்டாவது ரீலை ராட்டில் மாட்டி, கலவரம் தொடங்குகிற இடத்தில் ஒரு வெட்டு வெட்டினேன். எங்கே முடிப்பது என்று பார்த்தபோது, அடுத்து வருவது அந்த மழைப் பகுதி. கெட்டுப்போன துண்டு, போகட்டும் என்று அதையும் சேர்த்து ரீல் கடைசிவரை எடுத்துவிட்டேன். எல்லாம் இரண்டேகால் நிமிடம். சுருட்டி பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். மேனேஜரிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கல் வரவில்லை. மா கின் அக்கா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வடை சுட்டார். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆறாம் நாள் மதிய ஆட்டம் முடிந்து, மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இரும்புப் படியில் யாரோ ஏறி வரும் சத்தம். வெளி ஆட்கள் மேலே வரக்கூடாது. திரும்பினால், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. சுங்கடிச் சேலை, தலையில் கொஞ்சம் கனகாம்பரம், கையில் தூக்குச்சட்டி.

“அப்பு, நீங்கதான் படம் காட்டுறவுகளா?”

“ஆமாம்மா. மேல வரக்கூடாது.”

“போயிர்றேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன். நான் குஜிலியம்பாறைக்கு அங்கிட்டு இருந்து வாரேன். பேரு பொன்னுத்தாயி. எங்க பக்கத்துக் காட்டுக்காரரு மொத நாளு இந்தப் படம் பாத்தாரு. சனம் நடந்து போற மாதிரி வருதாம்ல? அதுல ரெங்கூனுக்குப் போயித் திரும்பாத எங்க வீட்டுக்காரரு போறாருன்னு வந்து சொன்னாரு. நேத்து வந்து பாத்தேன், வரல. நாந்தான் கவனிக்காம விட்டுட்டேனோன்னு இன்னைக்கும் வந்தேன். இன்னைக்கும் வரல. எந்த எடத்துல வரும் அப்பு?”

என் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. நடந்து போகிற சனம் என்று நான் எதையும் பார்த்ததில்லை. மழையைத்தான் பார்த்திருந்தேன்.

“அப்பிடி ஒரு காட்சி இதுல இல்லம்மா. அவரு வேற படத்தப் பாத்திருப்பாரு” என்றேன்.

வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதற்குத்தான் இன்னும் கூசுகிறேன். படத்தை வெட்டியது தெரிந்தால் வேலை போகும், லைசென்ஸும் போகலாம். வீட்டில் கைக்குழந்தை. பயம்தான், வேறு ஒன்றும் இல்லை.

“அவரு வருசத்துக்கு ஒரு படம் பாக்குற ஆளு அப்பு. மாத்திச் சொல்ல மாட்டாரு” என்றார் அவர். பிறகு, என்னிடம் கேட்பதுபோல இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். “தையில மகளுக்குக் கல்யாணம். அதுக்குள்ள என்னையத் தாலியக் கழட்டிட்டு, அவருக்குக் காரியம் பண்ணிரச் சொல்றாக. அவரு அண்ணன், எங்க மூத்தாரு, ஒத்தக் கால்ல நிக்கிறாரு. இம்புட்டு வருசம் வராத ஆளு இனிமே எங்க வரப்போறாருங்குறாக. உசுரோட இருக்குற மனுசனுக்கு எப்பிடிக் காரியம் பண்றது? செத்த மனுசனுக்காக எப்பிடிப் பூ வச்சுக்கிட்டுத் திரியறது? எனக்குத் தெரியணும்ல.”

நான் மிஷினையே துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் இறங்கிப் போனார்.

கால் மணி நேரத்தில் நாச்சிமுத்து மேலே வந்தார். அவர் படியேறி வருவது வருடத்துக்கு இரண்டு முறை நடந்தால் அதிகம். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“கீழ ஒரு அம்மா சனம் நடக்கற காட்சி எங்கீன்னு கேட்டு நிக்கறாங்க. மொத நாள் அந்தக் காட்சிய நானும் பாத்தனுங்க, சவரிமுத்து. எட்டாவது ரீலு அஞ்சு நாளா ரெண்டேகால் நிமிஷம் முந்தி முடியுதுங்க.”

“தெரியுமாய்யா?”

“தெரியுமுங்க.”

“ஏன் கேக்கல?”

“வடைக்காரம்மா கைக்காயம் ஆறட்டும்னு இருந்தனுங்க” என்றார். வேலையை விட்டு நிறுத்தியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. தன் சட்டத்தை எனக்காக அவர் ஐந்து நாள் மீறியிருக்கிறார். நான் ஒரு நிமிடம் உண்மை பேசவில்லை. டின்னை எடுத்து நீட்டினேன்.

சுருளைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மழைப் பகுதியில் கட்டைவிரலை வைத்து மெதுவாக ஓட்டினார். பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார்.

“தட்டுதுங்களா?”

தட்டவில்லை. வழவழவென்று இருந்தது. கோடு எல்லாம் சுருளின் மேல் விழுந்தது அல்ல, படத்துக்குள்ளேயே இருந்தது. யுத்த காலத்தில் எவனோ ஒருவன் அந்தக் காட்டுவழியில் காமிராவைத் தூக்கிக்கொண்டு நின்று நிஜமாகவே எடுத்த படம். அந்தப் பழைய சுருளின் கீறல்களோடு அதைப் பிரதி எடுத்து, சினிமாக்காரர்கள் தங்கள் கதைக்கு நடுவே ஒட்டியிருக்கிறார்கள். முழுப் படத்திலும் பொய் இல்லாத இடம் அது ஒன்றுதான். அதைத்தான் பழுது என்று எழுதி வெட்டி எறிந்திருந்தேன். முதல் நாள் விரலை வைத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

“நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அந்தம்மாவுக்கு மட்டும் ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினார். அந்த அம்மா ஊருக்கு அதற்கு மேல் பஸ் இல்லை. மா கின் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, பொன்னுத்தாயியை நாகல் நகரில் அவர் வீட்டில் தங்க வைத்தார்.

காலையில் இரண்டு பெண்களும் சேர்ந்தே வந்தார்கள். ஆயிரம் நாற்காலி போட்ட கொட்டகையில் மூன்றாவது வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து வழக்கம்போலக் கதவோரம் நின்றார். ஆட்கள் நடக்கிற அந்த ஒரு நிமிடத்தை மட்டும் தனியே ஒட்டி, மிஷினில் மாட்டினேன். அன்றைக்குத்தான் நான் மூலையைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தேன்.

யாரும் நடிக்கவில்லை. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. தையல் மிஷினின் தலையை மட்டும் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் போனார். ஒரு கிழவி வழியோரம் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. ஒரு சிறுமி காமிராவை ஒரு தரம் பார்த்துவிட்டு, அக்கறையில்லாமல் திரும்பிக்கொண்டாள். கடைசியில், தலையில் துண்டு கட்டிய ஒருவர் முதுகு காட்டி நடந்து போனார். வலது கை வீசுகிறது. இடது கை வீசவில்லை.

“செத்த நிப்பாட்டுங்க அப்பு” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

நிறுத்த முடியாது. ஓடுகிற படத்தைக் கார்பன் வெளிச்சத்தில் நிறுத்தினால் நின்ற இடம் கருகி ஓட்டையாகிவிடும். சுவர்த் துவாரத்தில் வாயை வைத்து அதைச் சொன்னேன்.

“அப்பன்னா நிப்பாட்ட வேணாம். திரும்ப விடுங்க. எனக்கும் அவரு நடக்கணும். சின்னதுல கெணத்துல கமலை எறைக்கும்போது கை முறிஞ்சு போச்சு. எடது கைய வீச மாட்டாரு. நின்னா எல்லாரும் ஒண்ணு போலத்தான். நடந்தாத்தான் எனக்குத் தெரியும்.”

ஒவ்வொரு தடவையும் சுருளைத் திருப்பிச் சுற்றி மாட்ட ஐந்து நிமிடமாகும். அந்த ஐந்து நிமிடமும் அவர்கள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருட்டில் இருந்தார்கள். மா கின் அக்கா ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். “இந்த மேட்டுலதான் நாங்களும் படுத்துக் கெடந்தோம்” என்றது மட்டும் எனக்குக் கேட்டது. ஏழு தடவை ஓட்டினேன்.

ஏழாவது முடிந்ததும் பொன்னுத்தாயி எழுந்து நின்றார். “இவரு இல்ல” என்றார்.

வெறும் திரையைக் கையால் காட்டினார்.

“கடைசியில வழி திரும்புதுல்ல, அங்க பாருங்க. முழங்கைக்குக் கீழ ஒரு சின்னக் காலு தொங்குது. இடுப்புல பிள்ளை வச்சிருக்காரு. அதான் கை வீசல.”

“வழியில கெடந்த பிள்ளையத் தூக்கிட்டு வந்தவுகளும் உண்டுக்கா” என்றார் மா கின் அக்கா.

“இருக்கலாம். ஆனா நடை அவரு நடை இல்ல” என்றார் பொன்னுத்தாயி.

நான் படியிறங்கி அவர் முன்னால் போய் நின்றேன். வெட்டியதும் பொய் சொன்னதும் நான்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அது யாரு வீட்டுக்காரரோ. அவ இன்னும் படம் பாக்க வரலையா இருக்கும். எடுத்த எடத்துலயே வச்சுருங்க அப்பு” என்றார்.

வைக்கிறேன் என்றேன். ஆனால் கலவரத்தை விட்டுவிட்டு நடக்கிறதை மட்டும் ஒட்டலாம் என்பது என் எண்ணம். அதை மேனேஜரிடம் சொன்னபோது மா கின் அக்காதான் குறுக்கே வந்தார். “வெட்டுக்குத்து நடக்கலன்னு நான் எப்பச் சொன்னேன்? நடந்துச்சு. எங்க ஆளுக செஞ்சாக. எங்க அண்ணன் செஞ்சதும் நடந்துச்சு. அதக் காட்டலைங்குறதுக்காக இத வெட்டுவீகளோ? சும்மா ஒட்டு தம்பி. கல்லு வந்தா குனிஞ்சுக்கிறேன்.”

ஒட்டினேன். அன்றைய மதிய ஆட்டத்திலிருந்து எட்டாவது ரீல் முழு நீளம் ஓடியது. இடைவேளை மணி அடிப்பதற்கு முன்பே நாச்சிமுத்து தன் கதவை விட்டுவிட்டு மதிலோரம் போய் மா கின் அக்கா கடையில் நின்றார். வாழையிலைத் துண்டில் இரண்டு வடையை வாங்கி, எல்லோரும் பார்க்க மெதுவாகத் தின்றார். கடைசி ஆள் உள்ளே போகும்வரை தின்றார். பத்தொன்பது வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். அவர் கடைப் பலகாரம் தின்று நான் பார்த்தது அந்தப் படம் ஓடிய நாட்களில் மட்டும்தான். வயிற்றுவலி வந்து சோடா குடித்துக்கொண்டு மறுநாளும் தின்றார். கல் வரவில்லை.

ஆட்கள் வந்தார்கள். முகம் பார்க்க வந்தவர்கள். நத்தத்திலிருந்து ஒருவர் தன் தங்கச்சியைத் தேடி நான்கு ஆட்டம் பார்த்தார். பெட்டி பழனிக்குப் போனபோது, அங்கே இருந்த ஆபரேட்டருக்குத் தனியாக ஒரு சீட்டு எழுதிச் செருகினேன்: எட்டாவது ரீலில் மழை பழுது அல்ல, வெட்ட வேண்டாம். அறுபதுகளில் பர்மாவிலிருந்து மறுபடியும் கப்பல் கப்பலாக ஆட்களை அனுப்பிவிட்டபோது, அதே படத்தைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு நிமிடம் அப்போதும் அதில் இருந்தது. தடவிப் பார்த்தேன், இந்தத் தடவை விரலில் நிஜக் கீறலும் தட்டியது.

முருகேசனுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான் என்றால் இங்கேயே நிறுத்தியிருப்பேன். தை மாதக் கல்யாணம் பாக்கி இருக்கிறது.

பத்திரிகை தியேட்டர் விலாசத்துக்கு வந்தது. பெண்ணின் தகப்பனார் பெயர் கருப்பணன் என்று அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். பொன்னுத்தாயி வாயால் அவர் பெயரைச் சொன்னதில்லை. பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று இல்லை. நானும் நாச்சிமுத்துவும் காலை பஸ்ஸில் போனோம். அவர் கல்யாணத்துக்கென்று கோட்டுப் போட்டிருந்தார்.

பந்தலுக்குள் நுழையும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தாலி வைத்த தாம்பாளம் மணவறைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சின் மேல் இருந்தது. சுமங்கலிகள்தான் அதைத் தொட்டு, பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கி வர வேண்டும். பொன்னுத்தாயி தாம்பாளத்துக்கு ஒரு எட்டுத் தூரத்தில், பட்டுச்சேலையும் தலையில் பூவுமாக நின்றிருந்தார். அவருக்கும் அதற்கும் நடுவில் அவர் மூத்தார், கருப்பணனின் அண்ணன், நின்றிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் மூத்தார் நேரே எங்களிடம் வந்தார்.

“அய்யா, நீங்கதான் சினிமாக் கொட்டகைக்காரகளா? எந்தம்பி அந்தப் படத்துல நடந்து வாரான், கண்ணால பாத்தேன்னு இந்தப் பிள்ள சொல்லுது. ஊரெல்லாம் அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கு. நீங்களும் கூட இருந்து பாத்தீகளாம்ல. அது அவந்தானா? மறைக்காமச் சொல்லுங்க. தெய்வ காரியம்.”

நான் பொன்னுத்தாயியைப் பார்த்தேன். அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெஞ்சவில்லை, சாடை காட்டவில்லை. என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்வது என்று நின்றவர் மாதிரி இருந்தது. நாச்சிமுத்துவை எனக்குத் தெரியும். தப்பானாலும் முழுசாகப் போய்ச் சேர வேண்டும் என்கிற மனிதர். முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் கோட்டின் பொத்தானை ஒரு தடவை சரி பார்த்துக்கொண்டார்.

“ஏழு தடவை பாத்தனுங்க” என்றார். “அவருதானுங்க.”

“மொகம் தெரிஞ்சுச்சா?”

“மொகம் எதுக்குங்க? எடது கைய வீசாம நடக்கறாருங்க. வழில எவனோ விட்டுட்டுப் போன கொழந்தை ஒண்ணையும் தூக்கிட்டு வாராருங்க. கொழந்தையோட நடக்கறதில்லீங்களா, வந்து சேர நாளாகுமுங்க.”

மூத்தார் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சின்ன வயசுலயும் அப்பிடித்தான். எவன் பிள்ளை அழுதாலும் தூக்கிருவான்” என்றபடி வழிவிட்டார்.

பொன்னுத்தாயி தாம்பாளத்தை இரண்டு கையாலும் எடுத்தார். முதலில் நாச்சிமுத்துவிடம்தான் கொண்டுவந்து நீட்டினார்.